சென்னையில் இருந்தபடியே செர்ரி மரபியல் படிக்கத் தொடங்குவது எப்படி?

சென்னையில் செர்ரி மரம் வளருமா என்று கேட்பவர்கள் பலர். பெரும்பாலும் பிழைக்காது, பிழைத்தாலும் காய்க்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கன்று வாங்கிப் பணத்தை வீணாக்கியவர்கள், மரத்தின் மேலிருந்த ஆர்வத்தையும் சேர்த்தே இழந்துவிடுகிறார்கள். செர்ரியின் மரபியலையும் பரிணாமத்தையும் கற்றுக்கொள்ள மரம் வாசலில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. பாதாம், பிளம்ஸ், பீச், ஆப்ரிகாட் ஆகிய நான்கும் செர்ரியின் நெருங்கிய சொந்தங்கள். நான்குமே நம் ஊர்க் கடைகளுக்கு வருகின்றன. காகிதம், பென்சில், ஃபிரிட்ஜில் ஒரு மூலை, இணைய இணைப்பு ஆகியவை இருந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

தாவரவியல் மாணவர்களுக்கும் மாடித்தோட்டக்காரர்களுக்கும் இந்தக் குடும்பத்தை நான் அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன். மறைந்து கிடந்து வெளிப்படும் பண்பு, தன் மகரந்தத்தைத் தானே மறுக்கும் பூ, இரண்டு இனங்கள் கலந்து பிறந்த மூன்றாவது இனம் என்று மரபியலின் பெரிய பாடங்கள் பலவும் இந்த ஒரே குடும்பத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன.

முதல் படி: எது செர்ரி, எது இல்லை

சென்னைத் தெருக்களில் அணிலும் வௌவாலும் மொய்க்கும் தேன்பழ மரத்தைப் பலர் செர்ரி என்றே அழைக்கிறார்கள். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த முன்டிங்கியா. பழத்தைப் பிட்டுப் பாருங்கள், பொடிப்பொடியாக எண்ணற்ற விதைகள் இருக்கும். செர்ரிக் குடும்பத்தில் பழத்துக்கு ஒரே ஒரு கல் போன்ற கொட்டைதான். பேக்கரி பன்னிலும் கேக்கிலும் சிவப்பாக மின்னுவது பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய். நர்சரிகளில் செர்ரி என்ற பெயரில் விற்கும் கன்று பல நேரங்களில் பார்படோஸ் செர்ரி. அதன் பழத்துக்குள் மூன்று விதைகள் இருக்கும். அகன்ற இலைகள் சிவந்து உதிரும் வாதுமை மரமும் பாதாமுக்கு உறவல்ல. இவை எல்லாமே நல்ல மரங்கள்தாம், ஆனால் வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை.

உண்மையான செர்ரி, ரோஜாக் குடும்பத்தின் ப்ரூனஸ் பேரினத்தைச் சேர்ந்தது. ஐந்து இதழ்கள், நிறைய மகரந்தத் தாள்கள், கிண்ணம் போன்ற அடிப்பகுதியின் நடுவே தனியாக நிற்கும் ஒற்றைச் சூலகம்: இதுதான் பூவின் அடையாளம். இலைக்காம்பு இலையைத் தொடும் இடத்தில் சின்னச் சுரப்பிப் புடைப்புகள் இருக்கும். பீச்சிலும் இனிப்புச் செர்ரியிலும் அவற்றை வெறும் கண்ணால் பார்க்கலாம்.

ஒன்றை இங்கேயே எச்சரித்துவிடுகிறேன். இந்தக் குடும்பத்துக் கொட்டைகளை உடைத்துப் பார்க்கலாம், ஆனால் உள்ளிருக்கும் பருப்பைத் தின்னக் கூடாது. இனிப்புப் பாதாம் மட்டும் விலக்கு. செர்ரி, ஆப்ரிகாட், பீச் பருப்புகளில் அமிக்டலின் இருக்கிறது. மென்று விழுங்கினால் அதிலிருந்து சயனைடு வெளிப்படும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கொட்டைகளை எட்டாத இடத்தில் வையுங்கள்.

இரண்டாம் படி: குரோமோசோம் கணக்கு

ஒரு தாள் எடுத்து, குடும்ப உறுப்பினர்களின் பெயர்களுக்கு எதிரே எண்களை எழுதுங்கள். ப்ரூனஸ் பேரினத்தின் அடிப்படை எண் 8. இனிப்புச் செர்ரிக்கு 16. பாதாம், பீச், ஆப்ரிகாட் ஆகியவற்றுக்கும் 16. புளிப்புச் செர்ரிக்கு 32. உலர்த்தி டப்பாவில் விற்கிறார்களே, அந்த ப்ரூன்ஸ் ஐரோப்பிய பிளம்ஸ், அதற்கு 48. பச்சையாகத் தின்ன வரும் உருண்டைப் பிளம்ஸ் பெரும்பாலும் ஜப்பானிய வகை, அதற்கு 16. பழக்கூடையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இந்த இரண்டு பிளம்ஸும் மரபணு அளவில் வெகு தூரம் விலகியவை.

புளிப்புச் செர்ரிக்கு 32 எங்கிருந்து வந்தது? அதன் பெற்றோர் இருவர். ஒன்று 16 கொண்ட இனிப்புச் செர்ரி. மற்றது 32 கொண்ட குட்டைப் புதர்ச் செர்ரியான ப்ரூனஸ் ஃப்ருட்டிகோசா. வழக்கப்படி பாலணுக்களில், அதாவது மகரந்தத்திலும் சூலிலும் உள்ள இனப்பெருக்கச் செல்களில், எண்ணிக்கை பாதியாக வேண்டும். இனிப்புச் செர்ரி 8 தர வேண்டும், புதர்ச் செர்ரி 16 தர வேண்டும். ஆனால் இனிப்புச் செர்ரியின் பாலணு பாதியாகாமல் 16-ஐயும் அப்படியே கொண்டுவந்தது. 16-ம் 16-ம் சேர்ந்து 32. இயற்கையில் எப்போதாவது நடக்கும் இந்தப் பிசகு ஒரு புதிய இனத்தையே உண்டாக்கிவிட்டது.

இப்போது ஒரு பயிற்சி. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் நிலையத்தில் உருவான ‘கோல்ட்’ என்ற வேர்ச்செடி, இனிப்புச் செர்ரிக்கும் 32 கொண்ட ப்ரூனஸ் சூடோசெராசஸுக்கும் பிறந்தது. பாலணுக்கள் இரண்டும் ஒழுங்காகப் பாதியானால் அதன் எண்ணிக்கை என்ன? 8-ம் 16-ம் சேர்ந்து 24. அடிப்படை எண் 8-இன் மூன்று மடங்கு, அதாவது மும்மடி என்பதால் விதை உண்டாவது அரிது. ஒட்டுக்கட்ட வேர் மட்டும் போதும் என்பதால் அது ஒரு குறையே அல்ல.

குரோமோசோம் எண்ணும் இந்தக் கலையில் சென்னைக்குச் சொந்தமான ஒரு பெரிய பெயர் இருக்கிறது: இ. கே. ஜானகி அம்மாள். ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். இங்கிலாந்தின் ஜான் இன்ஸ் நிறுவனத்தில் சி. டி. டார்லிங்டனுடன் பணியாற்றி, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் திரட்டிய மாபெரும் தொகுப்பை 1945-இல் அவரோடு சேர்ந்து வெளியிட்டார். அந்த டார்லிங்டன் 1920-களின் பிற்பகுதியில் ஆராய்ந்த செடிகளில் ப்ரூனஸும் உண்டு. கடைசிக் காலத்தில் ஜானகி அம்மாள் வாழ்ந்து ஆராய்ச்சி செய்தது மதுரவாயலில். செர்ரி மரபியல் நமக்கு அந்நியம் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இவரைப் பற்றித்தான்.

மூன்றாம் படி: பூ யாரை ஏற்கும், யாரை மறுக்கும்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். இது பிடிபட்டால் செர்ரித் தோட்டம் வைப்பதன் பாதி சூட்சுமமும் புது ரகம் உருவாக்குவதன் பாதி சூட்சுமமும் புரிந்துவிடும்.

இனிப்புச் செர்ரியில் பெரும்பாலான ரகங்கள் தம் மகரந்தத்தால் தாமே கருவுறுவதில்லை. ஆறாவது குரோமோசோமின் ஒரு முனையில் எஸ் எனப்படும் மரபணு இடம் இருக்கிறது. அதற்குப் பல மாற்றுருக்கள், அதாவது ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள், உண்டு. எஸ்1, எஸ்3, எஸ்4 என்று எண்ணிட்டு அழைக்கிறார்கள். மரத்தில் இவற்றுள் இரண்டு இருக்கும். மகரந்தத் துகளில் ஒன்றுதான் இருக்கும். துகள் சூல்முடியில் விழுந்து குழாய் நீட்டிச் சூல்தண்டுக்குள் இறங்கும்போது, தண்டில் உள்ள இரண்டில் ஒன்றும் துகளின் ஒன்றும் ஒரே எண்ணாக இருந்தால் வளர்ச்சி நடுவழியில் நின்றுவிடும். பங்காளி வீட்டில் பெண் எடுக்காத வழக்கம் போலத்தான். தடுக்கும் வேலையைச் செய்வது சூல்தண்டில் சுரக்கும், ஆர்.என்.ஏ.வை வெட்டும் ஒரு நொதி. மகரந்தத்தின் பக்கம் அடையாளம் காட்டுவது இன்னொரு புரதம். இரண்டின் மரபணுக்களும் அருகருகே ஒட்டிக் கிடப்பதால் தலைமுறை தலைமுறையாகப் பிரியாமல் சேர்ந்தே போகின்றன.

இனி பென்சிலை எடுங்கள். ‘பிங்’ அமெரிக்காவின் புகழ்பெற்ற கருஞ்சிவப்பு ரகம். ஆரிகன் மாநிலத்தில் 1875-இல் சேத் லூவெலிங் வளர்த்தெடுத்தது. அவருடைய தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்த சீனரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அதன் எஸ் எண்கள் 3, 4. ‘வான்’ என்ற ரகத்துக்கு 1, 3. வானின் மகரந்தத்தைப் பிங் பூவில் வைத்தால் என்ன ஆகும்?

வானின் துகள்களில் பாதி எஸ்1, பாதி எஸ்3. பிங்கின் சூல்தண்டில் 3 இருப்பதால் எஸ்3 துகள்கள் நின்றுவிடும். எஸ்1 மட்டுமே உள்ளே போகும். பிங்கின் சூல்கள் எஸ்3 ஆகவோ எஸ்4 ஆகவோ இருக்கும். ஆகவே பிள்ளைகள் 1-3 அல்லது 1-4. வேறு வழியே இல்லை. இந்த இரண்டு ரகங்களையும் 1952-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ப்ராசர் நகரில் ஹரால்ட் ஃபோகல் கலந்தார். அதிலிருந்து வந்ததுதான் ‘ரெய்னியர்’. அதன் எஸ் எண்களைத் தேடிப் பாருங்கள்: 1, 4. நம் தாளில் போட்ட கணக்கு அமெரிக்கத் தோட்டத்து மரத்தோடு அப்படியே பொருந்துகிறது. முதல் முறை இதைச் சரிபார்க்கும்போது உண்டாகும் மகிழ்ச்சிக்காகவே இந்தப் பயிற்சியை யாரும் தவறவிடக் கூடாது என்பேன்.

பிங், நெப்போலியன், லாம்பர்ட் ஆகிய மூன்றுக்கும் எஸ் எண்கள் 3, 4 தான். இந்த மூன்றையும் மட்டும் வைத்து ஒரு தோட்டம் போட்டால், மூன்று ரகம் இருந்தும் காய் பிடிக்காது. ஜப்பானின் ‘சொமெய் யோஷினோ’ செர்ரிப் பூ மரங்கள் ஒட்டுக்கட்டியே பெருக்கப்பட்டவை. அத்தனையும் ஒரே மரத்தின் நகல்கள் என்பதால் ஊர் முழுக்க ஒரே சமயத்தில் பூக்கின்றன. அதே காரணத்தால் ஒன்றின் மகரந்தம் இன்னொன்றில் விதை பிடிப்பதும் இல்லை.

இந்தத் தடையை உடைத்தது ஊடுகதிர். ஜான் இன்ஸ் நிறுவனத்தில் மகரந்தத்தின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி ஆராய்ந்தபோது எஸ்4-இல் ஒரு மாற்றம் உண்டானது. மகரந்தப் பக்கத்து மரபணுவில் நான்கே நான்கு டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டு, அடையாளப் புரதம் பழுதானது. அடையாளம் காட்டாத துகளைச் சூல்தண்டால் தடுக்க முடியவில்லை. அந்த மரபுவழியில் கனடாவின் சம்மர்லேண்ட் நிலையத்தில் கார்லிஸ் லாபின்ஸ் உருவாக்கி 1968-இல் வெளியிட்ட ‘ஸ்டெல்லா’, துணை மரம் இல்லாமல் தனியாகவே காய்த்தது. அதன் எண்கள் 3, மாறிய 4.

ஸ்டெல்லாவின் மகரந்தத்தை 1, 3 கொண்ட வானில் வைத்துப் பாருங்கள். எஸ்3 துகள்கள் தடைபடும். மாறிய எஸ்4 மட்டும் போகும். அதாவது பிறக்கும் பிள்ளைகள் அத்தனையும் தாமே காய்க்கும் தன்மையோடுதான் பிறக்கும்! பாதிக்குப் பாதி என்று எதிர்பார்த்த இடத்தில் முழுவதும் கிடைக்கிறது. வானும் ஸ்டெல்லாவும் கலந்து வந்த ரகத்துக்குத்தான் லாபின்ஸின் பெயரையே சூட்டினார்கள். ஸ்டெல்லா தன்னோடு தானே கலந்தால் பிள்ளைகள் எப்படி இருக்கும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: ஒளிந்திருக்கும் பண்புகள்

மேலே சொன்ன ரெய்னியரின் தோல் மஞ்சள், அதன் மேல் ரோஜாச் சிவப்பு படர்ந்திருக்கும். ஆனால் பெற்றோர் இருவருமே கருஞ்சிவப்பு. கருஞ்சிவப்பு ஓங்குபண்பு, ஒரு மாற்றுரு இருந்தாலே வெளிப்படும். மஞ்சள் ஒடுங்குபண்பு, இரண்டும் மஞ்சளாக இருந்தால்தான் வெளிப்படும். பிங்கும் வானும் ஆளுக்கொரு மஞ்சள் மாற்றுருவை வெளியே தெரியாமல் சுமந்திருந்தன. இரண்டும் ஒரு விதையில் சந்தித்தபோது ரெய்னியர் பிறந்தது. இப்படிப்பட்ட கலப்பில் நான்கில் ஒன்று மஞ்சளாகும். நிறத்தைத் தீர்மானிக்கும் முக்கிய மரபணு மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது. எஸ் இடம் ஆறாவதில். ஆகவே இரண்டின் வாய்ப்புகளையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, ஒன்றோடு ஒன்றைப் பெருக்கிக்கொள்ளலாம்.

பீச்சில் தோலின் சுணை ஓங்குபண்பு. சுணையில்லாத நெக்டரின் அதே இனத்தின் ஒடுங்கிய வடிவம். கடையில் இரண்டும் தனித்தனிப் பழமாக விலை போகின்றன.

பாதாமில் கதை கொஞ்சம் வேறு. இனிப்பு ஓங்குபண்பு, கசப்பு ஒடுங்குபண்பு. காட்டுப் பாதாம் கசப்பானது. கசப்பை உண்டாக்கும் மரபணுக்களை இயக்கும் ஒரு புரதத்தில் ஏற்பட்ட மாற்றமே பாதாமை நம் பாயசத்துக்குக் கொண்டுவந்தது. எந்த மரபணு என்பது 2019-இல்தான் வெளியானது. பருப்பின் கசப்பை முடிவுசெய்வது அதனுள் இருக்கும் கரு அல்ல, காய்த்த தாய் மரம். ஆகவே பொட்டலத்தில் ஒன்று கசந்தால் அது கசப்பு மரம் ஒன்றில் காய்த்தது என்று பொருள். கசந்தால் துப்பிவிடுங்கள்.

ஐந்தாம் படி: கைப்பழக்கம்

செர்ரியில் கலப்புச் செய்பவர்கள், மறுநாள் விரியப்போகும் உப்பிய மொட்டைத் தேர்ந்தெடுத்து, பூக்கிண்ணத்தின் இடுப்பை நகத்தாலோ சிறு இடுக்கியாலோ கிள்ளி இழுப்பார்கள். மகரந்தத் தாள்கள் கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டியிருப்பதால் இதழ்களோடு சேர்ந்து அவையும் ஒரேயடியாகக் கழன்று வந்துவிடும். நடுவில் சூலகம் மட்டும் மொட்டையாக நிற்கும். அதன் தலையில் வேண்டிய மரத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டுவைப்பார்கள்.

சென்னை மொட்டை மாடியில் இதற்கு மாற்று வெண்டைப் பூ. மறுநாள் காலை விரியப்போகும் மொட்டை முந்தின மாலையே அடையாளம் காணலாம்; நுனியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். பிளேடால் இதழைக் கீறி, சூல்தண்டைச் சுற்றியிருக்கும் மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுங்கள். காகித உறை போட்டு நூலால் கட்டுங்கள். காலையில் வேறொரு ரகத்தின் பூவைக் கொண்டுவந்து சூல்முடியில் தடவி, உறையை மீண்டும் போட்டு, காம்பில் அட்டை கட்டுங்கள். அட்டையில் தாய், தந்தை, தேதி. எந்தப் பயிரானாலும் அட்டை இல்லாத கலப்பு கணக்கில் வராது. கை பழகியபின் மலைக்குப் போனால் பிளம்ஸ் பூவிலும் தயங்காமல் வேலை செய்யலாம்.

ஆறாம் படி: ஃபிரிட்ஜில் ஒரு குளிர்காலம்

பீச் பழம் வாங்கிச் சாப்பிட்டபின் கொட்டையைக் கழுவி நிழலில் ஒரு நாள் ஆறவிடுங்கள். ஓட்டை மெதுவாக விரிசல் விடச்செய்து பருப்பைச் சேதமில்லாமல் எடுங்கள். ஈரமான டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, மூடிபோட்ட டப்பாவில் வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் கூடாது. வாரம் ஒருமுறை திறந்து பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று மாதங்களில் வேர் எட்டிப் பார்க்கும். செர்ரிக்கு இன்னும் அதிக நாள் பிடிக்கும், முளைக்காமலும் போகலாம். பீச்சில் தொடங்குவதே நல்லது.

உறக்கம் கலைக்கும் இந்தக் குளிர் விதைக்கு மட்டுமல்ல, மரத்தின் மொட்டுக்கும் வேண்டும். ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதுதான் தோட்டக்காரர்களின் பழைய கணக்கு. வழக்கமான இனிப்புச் செர்ரி ரகங்களுக்குப் பல நூறு மணி நேரம், சிலவற்றுக்கு ஆயிரத்துக்கும் மேல் தேவை. நுங்கம்பாக்கத்தின் ஜனவரி வெப்பநிலையை எடுத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். விடை பூஜ்யம். இலை உதிர்ந்து உறங்கவும், உறக்கம் கலைந்து பூக்கவும் மரத்துக்கு இங்கே சைகையே கிடைப்பதில்லை.

உறக்கத்தின் பின்னால் இருக்கும் மரபணுக்கள் தெரிந்தது ஒரு விசித்திரமான பீச் மரத்தால். மெக்சிகோவில் கிடைத்த அந்த மரம் உறங்கவே உறங்காது. குளிரிலும் நுனி வளர்ந்துகொண்டே இருக்கும். ஆராய்ந்தபோது, வரிசையாக நிற்கும் ஆறு மரபணுக்களில் ஒரு பெரிய துண்டு அதில் இல்லாமல் போயிருந்தது. ஸ்பெயினின் ‘கிரிஸ்டோபலினா’ செர்ரி குறைந்த குளிரே போதும் என்று சீக்கிரம் பூக்கும் ரகம். அதிலும் அதே இடத்தில்தான் மாற்றம் இருக்கிறது. வெப்பமான ஊர்களுக்குச் செர்ரி உருவாக்க நினைப்பவர்கள் இந்த ரகத்தைப் பெற்றோராக எடுப்பது அதனால்தான். அப்படியும் சென்னைக்கு வரும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

ஏழாம் படி: உறவுகளைத் தேடிப் போவது

கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பிளம்ஸ், பீச் மரங்கள் நிற்கின்றன. கோடையில் பழத்துக்காகப் போகிறவர்கள் அதிகம். ஆண்டின் தொடக்கத்தில் பூவுக்காக ஒருமுறை போங்கள். பூக்கள் தனித்தனியா, கொத்தா, நீண்ட சரமா என்று குறித்துக்கொள்ளுங்கள். பீச்சில் பெரும்பாலும் தனிப்பூ. செர்ரியில் சிறு கொத்து. ப்ரூனஸ் பேரினத்தின் மூன்றாவது ஒரு பெரும் பிரிவில் நீண்ட சரம். இந்தச் சரப்பூப் பிரிவின் வெப்பமண்டல உறுப்பினர் ஒன்று மேற்குத்தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் வாழ்கிறது: ப்ரூனஸ் சிலானிக்கா. குளிரே பார்க்காத செர்ரி உறவு ஒன்று நம் மலையிலேயே இருப்பது, இந்தப் பேரினம் முழுவதும் குளிர்நாட்டுச் சொத்து என்ற எண்ணத்தைத் திருத்துகிறது. இமயத்தின் காட்டுச் செர்ரியான ப்ரூனஸ் செரசாய்டிஸ், மற்றவை போல் வசந்தத்தில் பூக்காமல் இலையுதிர் காலத்தில் பூக்கிறது. ஷில்லாங்கில் நவம்பரில் நடக்கும் பூத்திருவிழா அதை ஒட்டியதுதான்.

பழமை எவ்வளவு என்று கேட்டால், சீனாவின் குன்மிங் நகரில் கிடைத்த பீச் கொட்டைப் படிவங்களுக்கு ஏறத்தாழ 26 லட்சம் ஆண்டு வயது. மனிதன் அங்கே கால்வைக்கும் முன்பே இன்றைய பீச் போன்ற கொட்டை இருந்திருக்கிறது.

எட்டாம் படி: தரவுத்தளம்

ரோஜாக் குடும்பத்துக்கென்றே இலவசமான மரபணுத் தரவுத்தளம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. ‘ஜீனோம் டேட்டாபேஸ் ஃபார் ரோசேசி’ என்று தேடினால் கிடைக்கும். பீச்சின் முழு மரபணு வரிசை 2013-இலும், ‘சாட்டோ நிஷிகி’ என்ற ஜப்பானிய இனிப்புச் செர்ரியின் வரிசை 2017-இலும் வெளியாயின. முதல் நாளே எல்லாவற்றையும் திறந்து மலைத்துப்போக வேண்டாம். பீச்சின் ஆறாவது குரோமோசோமைத் திறந்து எஸ் இடத்தைத் தேடுங்கள். பிறகு செர்ரியில் அதே பகுதியைப் பாருங்கள். மரபணுக்களின் வரிசை எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது என்று பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தாவர மரபியல் பாடநூல்களைப் புரட்டலாம்.

விதையிலிருந்து வளர்ந்த செர்ரி, பழம் காட்டப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் இன்றைய ஆய்வாளர்கள் நாற்றின் இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளி டி.என்.ஏ. சோதனை செய்து, எஸ் எண்களையும் நிறத்தையும் முன்கூட்டியே பார்த்து, வேண்டாததை நாற்றங்காலிலேயே கழித்துவிடுகிறார்கள். மூன்றாம் படியில் தாளில் போட்ட கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இந்தச் சோதனை பற்றிய ஆய்வுக்கட்டுரை ஒன்றை எடுத்துப் படியுங்கள். அட்டவணைகளில் வரும் எண்கள் தெரிந்த முகங்களாக இருக்கும்.